ரோபோட்டிக்ஸ் கிளப்பை விட்டுவிட்டாள், ‘எனக்கு அறிவியல் வராது’ என்கிறாள். என்ன செய்யலாம்?

நிலாமுற்றம்:
வணக்கம். என் மகளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்துவிடுவாள். கடிகாரம், டார்ச் லைட், ஒரு தடவை என் தையல் மெஷினின் பாபின் பகுதியைக்கூட விடவில்லை, பிரித்ததைத் திரும்பப் பூட்டியும் வைத்துவிட்டாள். போன வருடம் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் கிளப் தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். 14 பேரில் இரண்டு பேர்தான் பெண்கள். அந்த இன்னொரு பெண் பாதியிலேயே நின்றுவிட்டாள், இரண்டு மாதங்களுக்கு முன் இவளும் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால் "போரடிக்குது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வருடம் பாடப்பிரிவு எடுக்க வேண்டும். கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண்தான் வாங்குகிறாள். ஆனால் "அதெல்லாம் உட்கார்ந்து படிச்சு வாங்கினது, எனக்கு நிஜமாவே அறிவியல் வராதும்மா" என்கிறாள். நான் அறிவியல் படித்தவள் இல்லை, அதனால் என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. வற்புறுத்தினால் வெறுத்துவிடுவாள். சும்மா இருந்தால், நாளைக்கு அவளே நினைத்தாலும் அந்தப் பக்கம் திரும்பப் போக முடியாது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
வணக்கம் சகோதரி. இருபது வருடத்துக்கு மேலாக இயற்பியல் நடத்துகிறேன். முதலில் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளப்பில் உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?" ஏன் விட்டாய் என்று கேட்டால் பதில் வராது, என்ன வேலை செய்தாய் என்று கேட்டால் வந்துவிடும்.

இதைச் சொல்லக் காரணம் என் சொந்த லேப்தான். நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிராக்டிக்கல் செய்யும்போது பையன்கள் வயரை எடுப்பார்கள், பெண்ணின் கையில் நோட்டு போய்ச் சேரும், "உன் கையெழுத்து நல்லா இருக்கு, ரீடிங் நீ எழுது" என்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நானும் பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டே கவனிக்காமல் இருந்தேன். ஒரு வருடக் கடைசியில், ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், தனியாக நின்று சுற்று அமைக்கச் சொன்னபோது அம்மீட்டரைப் பக்க இணைப்பில் கொடுத்துவிட்டுத் திகைத்து நின்றாள். தொடரிணைப்பில் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், பத்து தடவை எழுதியிருக்கிறாள். கை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அன்றைக்கு அவள் "எனக்கு இயற்பியல் வராது சார்" என்றாள். அது அவள் தப்பே இல்லை, என் தப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் வேலையை மாற்றிக் கொடுக்கிறேன். இந்த வாரம் எழுதியவர் அடுத்த வாரம் இணைப்புக் கொடுக்க வேண்டும். மாணவர்களாக அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் பழையபடி ஆகிவிடும், ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், "படிச்சு வாங்கினது" என்று மகள் சொன்னது எனக்கு உறுத்துகிறது. ஒரே மதிப்பெண் வாங்கிய பையனை "மூளைக்காரன்" என்கிறோம், பெண்ணை "கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளை" என்கிறோம். பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் இயல்பான திறமை உனக்கு இல்லை என்ற சேதியும் அதிலேயே போய்விடுகிறது. 2017-இல் 'சயின்ஸ்' இதழில் பியான், லெஸ்லி, சிம்பியன் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மிக மிக புத்திசாலியான ஒருவரின் கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று குழந்தைகளைக் கேட்டார்கள். ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்ணையே காட்டினார்கள், பையன்கள் ஆணைக் காட்டிய அதே அளவுக்கு. ஆறு, ஏழு வயதிலேயே அது குறைந்துவிட்டது. உங்கள் மகள் பத்து வருடமாகக் கேட்டு வளர்ந்ததைத்தான் இப்போது திருப்பிச் சொல்கிறாள்.

வாசிப்பவன்:
எல்லோரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எனக்கும் இரண்டு பெண்கள். ஒரு பெண் அறிவியல் வேண்டாம் என்றால் உடனே அதற்குப் பின்னால் ஒரு காரணத்தைத் தேட வேண்டுமா? உண்மையிலேயே பிடிக்காமல் இருக்கலாமே. என் மூத்தவள் கணிதத்தில் நன்றாக வருவாள், மொழிப் பாடத்தில் அதைவிட நன்றாக வருவாள், மொழியைத்தான் எடுத்தாள், சந்தோஷமாக இருக்கிறாள். சில பெற்றோர் முன்பு மருத்துவம் மருத்துவம் என்று துரத்திய மாதிரி இப்போது கோடிங் கோடிங் என்று துரத்துகிறார்கள். அதுவும் ஒரு திணிப்புதான்.

சாக்பீஸ்:
நியாயமான கேள்வி சார். நீங்கள் சொன்னது ஆய்விலேயே வந்திருக்கிறது. பதினைந்து வயதினருக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வின் 2012 தரவை எடுத்து, 64 நாடுகளில் சுமார் 3 லட்சம் மாணவர்களை வைத்து பிரெடா, நாப் என்ற இருவர் 2019-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணிதத்தில் நன்றாக வரும் பெண்கள் பெரும்பாலும் வாசிப்பில் அதைவிட நன்றாக வருகிறார்கள், அதனால் கணிதம் சார்ந்த துறைகளிலிருந்து விலகுகிறார்கள் என்பதுதான் சாரம். கணிதத் திறமை அங்கே பிரச்சினையே இல்லை. இரண்டும் வரும் பிள்ளையிடம் நாம் "எது ரொம்ப நல்லா வருது" என்று மட்டும் கேட்கிறோம், கூட ஒரு திறமை இருப்பதே அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. பொறியியலுக்கு இரண்டும் வேண்டும் என்பதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. நன்றாக எழுதத் தெரியாத பொறியாளர் எழுதிய கையேட்டைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

விருப்பம் என்பதும் வெறும் காற்றில் முளைப்பதில்லை. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார், 1983-இல் முடிவை வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தது 28 பேர், அத்தனை பேரும் பெண் குழந்தைகள். பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் 2018-இல் அமெரிக்கக் குழந்தைகளின் ஐம்பது வருட ஓவியங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சின்னக் குழந்தைகள் ஆணையும் பெண்ணையும் கிட்டத்தட்டச் சமமாக வரைகிறார்கள், 14, 15 வயதில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று ஆகிவிடுகிறது. பாடப்பிரிவு எடுக்கச் சொல்லும் வயதும் சரியாக அதே வயதுதான்.

உங்கள் மூத்த மகள் தெரிந்து எடுத்தாள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தப் பிள்ளை சொல்வதோ "பிடிக்காது" இல்லை சார், "வராது". இரண்டும் வேறு.

திருப்புளி:
அக்கா, நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், பன்னிரண்டு வருடமாக இயந்திர வடிவமைப்பில் இருக்கிறேன். இதை முழுசாகப் படியுங்கள், ப்ளீஸ்.

முதல் வருடம் இன்ஜினியரிங் டிராயிங்கில் நான் கிட்டத்தட்ட தோற்றுவிட்டேன். ஒரு பொருளை மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து வரைந்த மூன்று படத்தைக் கொடுத்து, அதை மனசுக்குள் சேர்த்து ஐசோமெட்ரிக்காக, அதாவது மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, வரையச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்த பையன்கள் சட்டென்று வரைந்தார்கள், எனக்கு வெறும் கோடுகள்தான் தெரிந்தன. என் மூளையே இதற்கு ஆகாது என்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு வாரம் அழுதேன். அப்போது சீனியர் அக்கா ஒருவர் ஒரு சோப்புக் கட்டியையும் கத்தியையும் கொடுத்து, "படத்தில் இருப்பதை இதில் வெட்டு, வெட்டியதைப் பார்த்து வரை, திருப்பி வைத்து மறுபடி வரை" என்றார். ஒரு மாதம் அதையே செய்தேன். கண் திறந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஷெரில் சோர்பி பற்றிப் படித்தேன். அவரும் இன்ஜினியரிங் மாணவியாக இருந்தபோது இதே பாடத்தில் திணறியவர். பிறகு மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதும், 1993-இலிருந்து, இடம்சார் திறனில், அதாவது ஒரு பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறனில், பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒரு சின்னப் பயிற்சி வகுப்பை நடத்தினார். கட்டைகளை அடுக்கிப் பார்த்துக் கையால் வரைவது, சுழற்றினால் எப்படித் தெரியும் என்று வரைவது, அவ்வளவுதான். அதை முடித்தவர்களின் மதிப்பெண் கூடியது, அதிலும் குறிப்பாகப் பெண்கள் பொறியியலைப் பாதியில் விடாமல் தொடர்ந்தார்கள். பிறவிக் குறை என்று நான் அழுதது வெறும் பழக்கமின்மை. சின்ன வயதில் கட்டை அடுக்கி விளையாடியவனுக்கு அந்தப் பழக்கம் முன்னாலேயே கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை, இவ்வளவுதான் வித்தியாசம்.

கோடிங்கும் அப்படியே. அமெரிக்காவில் உள்ள ஹார்வி மட் கல்லூரியில் 2006 வாக்கில் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்தான். முதல் பாடத்தை மாற்றினார்கள். ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்களைத் தனி வகுப்பாகவும் புதிதாகத் தொடங்குபவர்களைத் தனி வகுப்பாகவும் பிரித்தார்கள், கோடிங் மொழியைப் பைத்தானாக மாற்றினார்கள், நிஜமான பிரச்சினைகளைத் தீர்க்கிற மாதிரிப் பயிற்சிகள் கொடுத்தார்கள். சில வருடங்களிலேயே பத்தில் நான்கு பேர் பெண்கள். முதல் நாளே எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்தால் யாருக்கும் "நமக்கு வராது" என்றுதான் தோன்றும். அந்தப் பேச்சை அப்புறப்படுத்தியதும் அவர்கள் பாட்டுக்குப் படித்தார்கள்.

மகளிடம் பழுதான மேசை விசிறி ஒன்றைக் கொடுங்கள், மின் இணைப்பை எடுத்துவிட்டு. கழற்றட்டும், கழற்றியதை வரையட்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். நீங்கள் அறிவியல் படிக்கவில்லை என்பதும் இங்கே நல்லதுதான், "இது என்ன, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று உண்மையாகவே கேட்கலாம். தையல் மெஷினைத் திரும்பப் பூட்டிய பிள்ளைக்கு அறிவியல் வராது என்றால் நான் நம்ப மாட்டேன்.

மூன்றாமாண்டு:
நான் இன்னும் மாணவிதான், இயற்பியல், மூன்றாம் வருடம். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான் அக்கா. தனியாக அனுப்பாதீர்கள், ஒரு தோழியோடு அனுப்புங்கள். 14 பேரில் ஒரே பெண்ணாக இருப்பது எவ்வளவு களைப்பு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வி தப்பாகக் கேட்டால் நீ மட்டும் தப்பாகக் கேட்ட மாதிரி இருக்காது, பொண்ணுங்களே இப்படித்தான் என்று ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வோம். இன்னொருத்தி இருந்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும்.

இரானில் பிறந்த கணித மேதை மரியம் மிர்சாகானியைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் வாங்கிய முதல் பெண். எல்லோரும் பதக்கத்தைப் பற்றித்தான் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. சின்ன வயதில் அவருக்கு எழுத்தாளர் ஆகத்தான் ஆசை. நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் கணிதம் சரியாக வரவில்லை, அந்த ஆசிரியருக்கும் இவருக்குத் திறமை இருப்பதாகத் தோன்றவில்லை, இவரும் ஆர்வத்தை விட்டுவிட்டார். அடுத்த வருடம் வேறு ஆசிரியர், ஊக்கப்படுத்துகிறவர், எல்லாம் மாறிவிட்டது. பிறகு உயர்நிலைப் பள்ளியில் அவரும் தோழி ரோயா பெஹெஷ்தியும் தலைமையாசிரியையிடம் போய், பையன்கள் பள்ளியில் நடப்பது போன்ற கணக்குத் தீர்க்கும் வகுப்பு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். இரானின் ஒலிம்பியாட் அணியில் அதுவரை ஒரு பெண்கூட இருந்ததில்லை, அந்த அம்மா அதைப் பார்த்துத் தயங்கவில்லை, ஏற்பாடு செய்து கொடுத்தார். 1994-இல் இரண்டு பேரும் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் அணியில். மரியத்துக்குத் தங்கம், அடுத்த வருடம் முழு மதிப்பெண்ணோடு மறுபடி தங்கம். இரண்டு பேராகப் போனதால்தான் கேட்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

போட்டி பிடிக்குமென்றால் பெண்களுக்கான டெக்னோவேஷன் இருக்கிறது, குழுவாகச் சேர்ந்து தங்களைச் சுற்றியுள்ள ஒரு பிரச்சினைக்குச் செயலி செய்வார்கள். கணிதம் என்றால் 2012-இலிருந்து ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாட் நடக்கிறது, அதன் பழைய வினாக்கள் இணையத்தில் இலவசம். போட்டியே பிடிக்காது என்றாலும் ஒன்றும் குறையில்லை, பக்கத்தில் உள்ள கல்லூரி லேபில் ஒரு நாள் நின்று பார்க்க முடியுமா என்று கேட்டு அவளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. ஆறு பேருக்கு எழுதினேன், ஒருவர் பதில் போட்டார், அந்த ஒருவர் போதுமாக இருந்தது.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாக்பீஸ் சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். முதலில் "ஒண்ணுமில்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே வந்து உட்கார்ந்து சொன்னாள். ஏழு மாதத்தில் மூன்று போஸ்டர், ஒரு விளக்கக் காட்சி, போட்டியன்று ரோபோவுக்குப் பெயர்ப்பலகை. வயர்களைப் பற்றவைக்கிற சால்டரிங் அயனை ஒரு தடவை கையில் எடுத்தாளாம், "நீ சுட்டுக்குவே, கொடு" என்று ஒரு பையன் வாங்கிக்கொண்டானாம். சென்சாரை எந்தப் பின்னில் இணைப்பது என்று அவள் சொன்னது சரியாக இருந்ததாம், ஆனால் யார் காதிலும் விழவில்லை, பிறகு வேறொருவன் சொன்னதும் செய்தார்களாம். இதைச் சொல்லும்போது அழவில்லை, ஆனால் அந்தப் பின்னின் எண்ணைக்கூட இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

கிளப் ஆசிரியரிடம் பேசினேன். வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது பற்றி அவர் யோசித்ததே இல்லையாம், அடுத்த திட்டத்திலிருந்து செய்கிறேன் என்றார். பாதியில் நின்ற அந்த இன்னொரு பெண்ணின் அம்மாவிடமும் பேசிவிட்டேன், அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

வாசிப்பவன் சார், நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. பாடப்பிரிவு பற்றி இப்போதைக்கு நான் வாயே திறக்கப் போவதில்லை.

திருப்புளி தங்கச்சி, ஒரு சந்தேகம். சால்டரிங் அயன் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன், பதில் சொல்லாமல் எழுந்து போனவள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து "வெப்பநிலை மாற்றுகிற மாதிரி இருந்தா வாங்கு" என்றாள். எத்தனை வாட்டில் பார்க்க வேண்டும்?

திருப்புளி:
60 வாட் போதும் அக்கா, வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஸ்டாண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூக்கு மெல்லிதாக இருக்கட்டும். ஈயம் இல்லாத சால்டர் கேளுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதலில் பழைய பலகை ஒன்றில் பழகட்டும். ஒரு தடவை லேசாகச் சுட்டுக்கொள்வாள், எல்லோரும் சுட்டுக்கொண்டுதான் கற்றோம், தண்ணீரில் காட்டிவிட்டு மறுபடி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.