பாண்டாஸ்: 'கதை' மாறாமல் 'கட்டுக்கதைகள்' மாறுவது ஏன்?

கேள்வி:
நூலகப் பட்டியல் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் என்னும் நிரல்தொகுப்பைக் கொண்டு சீர்செய்து வருகிறேன். தலைப்பு நெடுவரிசையில் 'கோவில்' என்றிருப்பதை 'கோயில்' என்று மாற்றினால் சில வரிசைகள் மாறுகின்றன. அச்சு அசலாக அதே எழுத்துகளுடன் தெரியும் வேறு சில அப்படியே நிற்கின்றன. வகை நெடுவரிசையில், தனியாக நிற்கும் 'கதை'யை மட்டும் 'சிறுகதை' ஆக்குவதற்காக இருபுறமும் பேக்ஸ்லாஷ் பி என்னும் சொல்லெல்லைக் குறியை இட்டேன். 'கதை' மாறவில்லை, 'கட்டுக்கதைகள்' மட்டும் 'கட்டுக்சிறுகதைகள்' ஆகிவிட்டது. இத்தகைய குறிகளைக் கொண்டு தேட உதவும் ரெஜெக்ஸ் தெரிவை ட்ரூ (ஆம்) என்றே கொடுத்திருக்கிறேன்.

பதில் 1:
இவை இரு வேறு சிக்கல்கள். எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில் 'கோ' என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் நிரலுக்கு அவை வெவ்வேறு. ஆகவே முதலில் நெடுவரிசையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது ஒரே சீராக்குங்கள்.

இரண்டாவதற்குக் காரணம், பைத்தானுடன் வரும், ரெஜெக்ஸ் தேடலுக்கான ஆர்ஈ தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்ளாததே. சொல்லெழுத்தும் சொல்லெழுத்து அல்லாததும் சந்திக்கும் இடமே அதற்குச் சொல்லெல்லை. 'கதை'யின் ஈற்றிலுள்ள ஐகாரக் குறியும் அடுத்துள்ள இடைவெளியும் சொல்லெழுத்து அல்ல என்பதால் அங்கே எல்லையே அமைவதில்லை. 'கட்டுக்கதைகள்' என்பதிலோ புள்ளியை அடுத்தும் ஐகாரக் குறியை அடுத்தும் ககரம் வருவதால், வேண்டாத இடத்தில் இரண்டு எல்லைகள் கிடைத்துவிடுகின்றன. அந்தச் சொல்லெல்லைக் குறியைக் கைவிட்டு, முன்னும் பின்னும் தமிழ் யூனிகோடு தொகுதியின் எந்தக் குறியீடும் வரக்கூடாது என்ற எதிர்மறை நிபந்தனையை எழுதுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டப்பட்ட 'கெளரி', 'மெளனம்' போன்றவற்றை நார்மலைஸ் தொடாது. அவற்றைக் கண்மூடித்தனமாக மாற்றினால் 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் தேடலாம்; அப்போதும் பேச்சு வழக்கில் அச்சான 'வெளக்கு' அகப்பட்டுக்கொள்ளும். எனவே பொருந்தும் சொற்களை முதலில் தனியே எடுத்துப் பார்வையிட்ட பிறகே மாற்றுவது என் வழக்கம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 'கதை' சரியாகிவிட்டது. நார்மலைஸ் செய்த பின்னும் ஓரிரு 'கோவில்'கள் மட்டும் அசையவில்லை.

பதில் 1:
அவற்றில் அகலமற்ற இணைப்பு நீக்கி என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி, அதாவது யூனிகோடு எண் 200சி, ஒளிந்திருக்கக்கூடும். என்எஃப்சி அதை நீக்காது. அந்தச் சொல்லின் நீளத்தை அளந்து பாருங்கள். ஆறுக்கு மேல் வந்தால் அந்த இணைப்பு நீக்கியை வெற்றுச் சரத்தால் மாற்றிவிட்டு மீண்டும் தேடுங்கள்.