டாரோ ஹவாய்க்குப் போனது சரியா?

கூழாங்கல்:
கிளாரன்ஸ் டாரோ பற்றி ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கிரிமினல் வக்கீல் என்றாலே முதலில் வரும் பெயர். 1925-இல் டெட்ராய்டில் ஒஸியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் வீடு வாங்கினார். கும்பல் கூடிக் கல்லெறிந்தது, உள்ளேயிருந்து சுட்டதில் வெளியே ஒருவர் செத்தார், வீட்டிலிருந்த 11 பேர் மேலும் கொலைக் குற்றச்சாட்டு. அவர்களுக்காக நின்றவர் டாரோ. ஜூரி முழுக்க வெள்ளையர்கள். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை, அடுத்த வருடம் டாக்டரின் தம்பி ஹென்றியைத் தனியாக விசாரித்தபோது விடுதலையே வாங்கிவிட்டார். அதே மனிதர் 1932-இல் ஹோனலூலுவுக்குக் கப்பலேறி, ஒரு ஹவாய் இளைஞனைக் கடத்திக் கொன்ற வெள்ளைக்காரர்களுக்கு வாதாடுகிறார். எனக்கு இது ஜீரணமாகவில்லை.

செஷன்ஸ்_ராஜா:
இதில் ஜீரணமாகாமல் போக என்ன இருக்கிறது அண்ணே? நான் பன்னிரண்டு வருடமாக கிரிமினல் பக்கம்தான் நிற்கிறேன். கட்சிக்காரன் யோக்கியனா என்று பார்த்துவிட்டு வக்காலத்தில் கையெழுத்து வாங்கினால் எங்கள் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். 1924-இல் லோப், லியோபோல்ட் என்ற இரண்டு பணக்காரப் பையன்கள் 14 வயதுச் சிறுவனைக் கொன்றார்கள், அதுவும் காரணமே இல்லாமல். அவர்களுக்கும் இவர்தான் வக்கீல். ஜூரி முன்னால் போனால் தூக்கு நிச்சயம் என்று தெரிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, தண்டனையை நீதிபதி ஒருவர் கையில் கொண்டுபோய் வைத்தார் பாருங்கள், அதுதான் தொழில். தூக்கு இல்லாமல் ஆயுளும் கூடவே 99 வருடமும் ஆனது. அதைப் படித்தபோது ஜீரணமாயிற்றா?

கூழாங்கல்:
ஆயிற்று தம்பி. தூக்கே கூடாது என்பது அவர் கொள்கை. சிகாகோ மேயரைச் சுட்ட பிரெண்டர்காஸ்ட்டை 1894-இல் தூக்கிலிருந்து காப்பாற்றப் பார்த்து முடியாமல் போனதிலிருந்தே அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹவாயில் என்ன கொள்கை? தாலியா மாஸி என்ற கடற்படை அதிகாரி மனைவி, ஐந்து பேர் தன்னைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஜூரி முடிவுக்கு வரவில்லை. உடனே அவள் புருஷனும் அம்மாவும் இரண்டு மாலுமிகளும் சேர்ந்து ஐவரில் ஒருவனான ஜோசப் கஹஹவாயை கோர்ட் வாசலிலிருந்தே தூக்கிப் போய்ச் சுட்டார்கள். பிணத்தைக் காரில் வைத்துக் கடல் பக்கம் போகும்போது போலீஸ் பிடித்தது.

மல்லிகா_டீச்சர்:
கொள்கையெல்லாம் இல்லை, கையில் காசில்லை. 1929 பங்குச்சந்தைச் சரிவில் சேமிப்பு போய்விட்டது, ஹவாய்க்குப் போகும்போது வயது 75-ஐ நெருங்கிவிட்டது, பெரிய ஃபீஸ் வந்தது, போனார். இதை ஒத்துக்கொள்ள ஏன் இவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை. எனக்கு அவரிடம் உறுத்துவது வேறு. 1880-இல் ஜெஸ்ஸியைக் கட்டினார், மகன் பிறந்தான், பெரிய ஆளானதும் 1897-இல் விவாகரத்து. 1903-இல் ரூபியைக் கட்டினார். அப்புறம் மேரி ஃபீல்ட் என்ற பத்திரிகைக்காரியோடு தொடர்பு. ஊருலகத்துக்கெல்லாம் கருணை, வீட்டுக்கு மட்டும் வாய்தா!

செஷன்ஸ்_ராஜா:
டீச்சர், வாய்தா சூப்பர். என் வீட்டிலும் இதே புகார்தான், அது கிடக்கட்டும். வீட்டு விஷயத்தை வைத்து வக்கீலை எடை போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

மல்லிகா_டீச்சர்:
வேறு எதை வைத்துப் போடுவது, தொழிலை வைத்தா? சரி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வாருங்கள். 1910-இல் பத்திரிகை ஆபீஸில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். குண்டு வைத்ததாகப் பிடிபட்ட மெக்னமாரா சகோதரர்களுக்கு இவர்தான் வக்கீல். அந்த வழக்கில் இவருடைய ஆள் ஜூரிக்காரருக்கு நட்டநடு வீதியில் பணம் கொடுக்கும்போது பிடிபட்டான், இவரும் அதே வீதியில் நின்றிருந்தார். இவர் மேலேயே இரண்டு வழக்கு. ஒன்றில் விடுதலை, இன்னொன்றில் ஜூரி ஒத்துப்போகவில்லை, கடைசியில் கலிஃபோர்னியாவில் இனி தொழில் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். அந்த நாட்களில் கூடவே நின்றது யார்? அதே ரூபிதான்.

செஷன்ஸ்_ராஜா:
பணம் கொடுக்கச் சொன்னார் என்று எந்த ஜூரியும் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் அகராதியில் அதற்கு அர்த்தம் அவர் குற்றவாளி இல்லை. ஹவாயிலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மீதி நால்வர் மேல் மறுவிசாரணை வேண்டாம் என்று மாஸி தம்பதிக்குப் புத்தி சொன்னதும் இதே டாரோதான்.

கூழாங்கல்:
அது உபகாரமா தம்பி? கொன்றவர்களுக்கு 10 வருடம் என்று தீர்ப்பானது, கவர்னர் ஜட் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார், அந்த ஒரு மணி நேரத்தையும் அவர் ஆபீஸிலேயே கழித்துவிட்டுப் போனார்கள். மறுவிசாரணை நடந்திருந்தால் அந்த நால்வர் பெயரும் கோர்ட்டிலேயே சுத்தமாகியிருக்கும். பிறகு அதே கவர்னர் பிங்கர்டன் துப்பறிவாளர்களை வைத்து விசாரித்தபோது, அந்தப் பையன்கள் அதைச் செய்யவில்லை என்றுதான் அறிக்கை வந்தது. செத்தவனுக்கு அந்த அறிக்கையால் என்ன பிரயோசனம்?

செஷன்ஸ்_ராஜா:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. ஆனால் டாரோ வக்காலத்துப் போட்டது மாஸிக்கு, கஹஹவாய்க்கு இல்லை.

கூழாங்கல்:
காலையிலிருந்து நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.