எங்கள் கணக்கு சார் எம்.எல்.ஏ. ஆனபோது: பழகியவர்கள் எழுதுங்கள்

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்று, பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தவர் எங்கள் சார். பெயர் வேண்டாம், குட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். பணியில் இருந்தபோதே கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்களாம். அரசு வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் பென்ஷனுக்குச் சேராது. கணக்கு வாத்தியார் அல்லவா, காத்திருந்தார்.

அவரை நான் பார்த்தது மொரப்பூர் ரயில் நிலையத்தில். நமக்குச் சென்னை ரயில் என்றால் மொரப்பூர்தானே. மறுநாள் சட்டமன்றம். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் நோட்டு வைத்து ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஊர், குழாய் வந்த தெரு, வராத தெரு, கடைசியில் 'வாய் பொத்தும் பிள்ளைகள்' என்று ஒரு கட்டம்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை பிடிக்கும். என் பல்லிலும் பழுப்புக் கறை உண்டு. வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டுதான் விடை சொல்வேன். "கையை எடுத்துவிட்டுச் சொல்" என்று ஒருநாள் அதட்டினார். எடுத்தேன். அதன் பிறகு யாரையும் அப்படி அதட்டியதில்லை. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. அது இவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டு வந்தது. ஆனால் விட்டுப்போன தெருக்களை எண்ணிக்கொண்டு ரயில் ஏறிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

* * *

எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. நானும் ஆசிரியைதான். ஓசூர் பக்கத்திலிருந்து சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டு, கிருஷ்ணகிரி மல்கோவா ஒரு கூடையோடு போனேன். "கலந்தாய்வில் உன் வரிசை எண் என்ன அம்மா?" என்றார். சொன்னேன். "உனக்கு முன்னால் இருப்பவர்களில் யாரைப் பின்னால் தள்ளட்டும்? நீயே பெயர் சொல்" என்றார். கூடையோடு திரும்பினேன். மேலும் 3 ஆண்டுகள் அதே பஸ். நியாயம் அவர் பக்கம்தான், இடுப்பு வலி என் பக்கம்.

* * *

எங்கள் ஊரில் கோயில் மண்டபத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி கேட்டோம். வழிபாட்டுத் தலத்துக்கு அந்தப் பணம் கிடையாது என்று விதியை வாசித்துக் காட்டிவிட்டு, பள்ளிக்கு இரண்டு வகுப்பறை தருகிறேன் என்றார். கட்டியும் கொடுத்தார். அடுத்த தேர்தலில் எங்கள் ஊர் ஓட்டு அவருக்கு விழவில்லை. தோற்றார்.

போன மாதம் தருமபுரி பஸ் நிலையத்தில் பார்த்தேன். "ஒன்பதாவது முழு ஆண்டில் 34 வாங்கியவன்தானே நீ?" என்றார். 35 சார் என்று சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.