கிளாக் 19-ஆ, எம் அண்ட் பி-யா? பயிற்சிக்கு வாங்கப் போனபோது பார்த்தது

கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் எம் அண்ட் பி என்ற இரண்டு கைத்துப்பாக்கிகளில் எங்கள் பயிற்சிக்கு எதை, ஏன் எடுத்தோம் என்று சொல்கிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹூஸ்டனில் எங்களுக்குப் பழக்கமான குடும்பங்களில் பலருக்கு இது தெரியவில்லை. எச்1பி, மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய் அவருடையதை வாங்கிச் சுடுவதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம்; கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், கைத்துப்பாக்கி என்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். நானும் என் கணவரும் கார்டு கைக்கு வந்த பிறகுதான் பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தடை எதுவும் இல்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியுடன் வெளியே போகலாம். உரிமம் வேண்டாம் என்றால் வகுப்பும் வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது கவலையாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் இன்ஸ்ட்ரக்டர் மேசையில் வைத்தது இரண்டு: கிளாக் 19 ஐந்தாம் தலைமுறை, ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி எம்2.0 காம்பாக்ட். இரண்டும் 2017-இல் வந்தவை, இரண்டும் 9 மி.மீ., இரண்டின் மேகசினிலும் (தோட்டா அடுக்கிச் செருகும் கூடு) 15 தோட்டா, பேரல் என்கிற குழல் ஏறத்தாழ 4 அங்குலம், உடல் பாலிமர், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு எஃகு. காகிதத்தில் பார்த்தால் வித்தியாசமே கிடையாது, அதனால்தான் இணையத்தில் படித்துப் படித்து முடிவுக்கு வர முடியாமல் இருந்தோம். கையில் எடுத்ததும் வித்தியாசம் உடனே தெரிந்தது, அதுவும் எனக்குத்தான் அதிகம் தெரிந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டில் சின்னக் கை என்னுடையது.

கிளாக்குடன் கைப்பிடியின் பின்பக்கத்தில் மாட்டும் பட்டைகள் வருகின்றன, ஆனால் எதையும் மாட்டாத நிலையில்தான் அது மிகச் சிறியது, மாட்டினால் பெரிதாகத்தான் ஆகும். எனக்கு எதுவும் மாட்டாமலே விரல் நுனி ட்ரிக்கரைச் சரியாகத் தொடவில்லை, எட்டுவதற்குக் கையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் சுடும்போது வருகிற உதைப்பு உள்ளங்கையின் நடுவில் இறங்காமல் கட்டைவிரல் மூட்டில் இறங்குகிறது, ஒரு பெட்டி தோட்டா முடிவதற்குள் அந்த மூட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். எம் அண்ட் பி-யில் நான்கு அளவில் பிடிகள் வருகின்றன, சின்னதை மாட்டினதும் பேரலும் என் முன்கையும் ஒரே கோட்டில் வந்தன. என் கணவருக்கு இரண்டிலும் பிரச்சினை இல்லை, அவருக்குக் கிளாக்தான் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே வைத்துப் பழகப் போகிறோம் என்றால் சின்னக் கைக்குப் பொருந்துவதை வாங்குவதுதான் சரி. பெரிய கை அதோடு ஒத்துப்போய்விடும், சின்னக் கையை நீட்ட முடியாது.

எம்2.0-இன் கைப்பிடி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. வியர்க்கிற கைக்கு அது நல்லது, ஹூஸ்டன் வெயிலில் திறந்தவெளி ரேஞ்சில் நின்றவர்களுக்குப் புரியும், ஆனால் நீண்ட வகுப்பு முடிந்ததும் உள்ளங்கை எரியும்.

எனக்கு முடிவை எளிதாக்கியது இன்னொன்று. சுத்தம் செய்யக் கழற்றும்போது கிளாக்கில் ட்ரிக்கரை ஒரு முறை இழுத்தே ஆக வேண்டும். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, குழலுக்குள் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுச் செய்தால் அதில் ஆபத்து இல்லை. ஆனால் பயிற்சியின் முதல் மாதங்களில், களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. எம் அண்ட் பி-யில் ஸ்லைடைப் பின்னால் பூட்டி, உள்ளே இருக்கிற சின்ன நெம்பை அழுத்தி, பக்கவாட்டு நெம்பைத் திருப்பினால் ட்ரிக்கரைத் தொடாமலே கழன்றுவிடும். அந்த நெம்பை அழுத்துவதற்கான கருவியும் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. அறையைப் பார்ப்பது இதிலும் கட்டாயம்தான். ஆனால் பார்க்கத் தவறுகிற ஒரு நாளுக்கு இன்னொரு தடுப்பு இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறிபார்க்கிற சைட் விஷயத்தில் கிளாக்குடன் சாதாரணமாக வருவது பிளாஸ்டிக், பலரும் வாங்கியவுடன் மாற்றிவிடுகிறார்கள். எம் அண்ட் பி-யில் எஃகு, மூன்று வெள்ளைப் புள்ளிகள். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எம் அண்ட் பி எடுத்தோம். கிளாக் வைத்துப் பழகியவர்கள் எழுதுங்கள், குறிப்பாக வகுப்புக்குத் தொடர்ந்து போகிறவர்கள்.

*

அக்கா, நான் டாலஸ் பக்கம். வார இறுதிகளில் ஆரம்பநிலை வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு உதவியாளராகப் போகிறேன். கையளவு பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஆனால் இரண்டு கையும் ஓரளவு பொருந்துகிறது என்றால் நான் கிளாக் பக்கம்தான் நிற்பேன், அது என் அனுபவத்திலிருந்து சொல்வது.

வகுப்பு என்பது பொருள்கள் தேய்கிற இடம். மேகசின் கான்கிரீட்டில் விழும், ஸ்பிரிங் தளரும், இடுப்பில் மாட்டுகிற துப்பாக்கி உறை உடையும். கிளாக் 19 வைத்திருப்பவர் பக்கத்து வரிசையில் கிளாக் 17 வைத்திருப்பவரிடம் மேகசின் கடன் வாங்கலாம், 17 தோட்டா மேகசின் 19-இல் அப்படியே ஏறும், அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உறையும் உதிரிப் பாகமும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். போலீஸ் பயிற்சிக்கென்றே சிவப்பு உடம்புடன் 17ஆர் என்று ஒன்று செய்கிறார்கள், அதில் சுட முடியாது, ஆனால் ட்ரிக்கர் தானாகத் திரும்பி வரும். சாதாரண கிளாக்கிலும் எம் அண்ட் பி-யிலும் தோட்டா இல்லாமல் வீட்டில் பழகும்போது ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை இழுத்தால்தான் ட்ரிக்கர் மறுபடி தயாராகும், அதிலேயே பலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம் .22, அதாவது 9 மி.மீ.யை விடச் சின்னத் தோட்டா. கிளாக் 44 என்று 2020-இல் வந்தது, 19-இன் அதே அளவு, .22 எல்.ஆர். தோட்டா, அதே உறையிலும் போகும். உதைப்பு மிகக் குறைவு, தோட்டாவும் மலிவு. எம் அண்ட் பி-யிலும் .22 இருக்கிறது, ஆனால் கையில் உள்ள 9 மி.மீ.க்கு அளவில் இவ்வளவு நெருங்கிய இணை கிளாக்கில்தான் என்பது என் கணிப்பு.

எது வாங்கினாலும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மேகசினை இன்னொருவர் நிரப்பட்டும், நடுவில் ஒன்றிரண்டு போலித் தோட்டா கலந்து. சுடுகிறவருக்கு எது எப்போது வரும் என்று தெரியக் கூடாது. போலி வரும் இடத்தில் வெறும் 'டிக்' சத்தம் கேட்கும், அந்த நொடியில் குழல்முனை கீழே குனிகிறதா என்று பாருங்கள். வலக்கைக்காரர்களுக்குக் குண்டுகள் கீழே இடப்பக்கமாகக் குவிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே தள்ளுகிறது. இதைப் பார்க்காமல் சைட் சரியில்லை என்று கழற்றி மாற்றியவர்களைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுவதும் பின்னால் போகாமல் சிக்கும், அதற்கும் துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள்.

*

நான் இடக்கைக்காரி. எனக்கு இரண்டுமே சரிப்பட்டன, ஏனென்றால் ஐந்தாம் தலைமுறை கிளாக்கில் ஸ்லைடை நிறுத்தும் நெம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, எம்2.0-விலும் அப்படித்தான். மேகசின் பட்டனையும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பழைய தலைமுறைக் கிளாக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று பயிற்சிக்கு வாங்க நினைக்கிற இடக்கைக்காரர்கள் இதை யோசியுங்கள், அவற்றில் அந்த நெம்பு ஒரு பக்கம்தான். மூன்றாம் தலைமுறையில் மேகசின் பட்டனையும் மாற்ற முடியாது, நான்காவதில்தான் அந்த வசதி வந்தது. எம் அண்ட் பி பழையதாக வாங்கினால் ட்ரிக்கரையும் பாருங்கள், முந்தையவை நடுவில் மடங்கும் வகை, புதியவை தட்டையானவை, விரலுக்குத் தெரிகிற வித்தியாசம் நிறைய.

*

டாலஸ் தம்பிக்கு: போலித் தோட்டா யோசனைக்கு மிக்க நன்றி, அடுத்த வகுப்பிலேயே செய்து பார்க்கிறோம். மேகசின் கடன் வாங்கும் வசதி எங்களுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை, மூன்று மேகசினாகக் கையோடு வாங்கிக்கொண்டோம். ஆனால் .22 பற்றி நீங்கள் சொன்னது உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் சத்தத்துக்குப் பயப்படுகிற என் தங்கையும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள்.

வீட்டில் என்ன பாதுகாப்பு என்று தனியாகச் செய்தியில் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் துப்பாக்கிக்கு முன்பே பெட்டகம் வாங்கினோம். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, அது பிள்ளை கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கை, முகம் கழுவுகிறோம், போட்டிருந்த உடைகளைத் தனியாகத் துவைக்கிறோம், ஈயத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். மூடிய ரேஞ்சில் சுடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்க நினைத்தால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகைத் தோட்டாவில் சுடுங்கள். முதலில் எதைச் சுடுகிறீர்களோ அதில் கை களைக்காமல் இருக்கும் என்பதால் பாதியில் மாற்றி மாற்றி எடுங்கள். வீட்டில் இரண்டு பேர் பழகப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.