கொட்டகலையில் வீட்டின் ஒரு பக்கம் இறங்குகிறது, அத்திவார வேலையை யாரிடம் கொடுப்பது?

கொட்டகலை மகள்:

வணக்கம். கொட்டகலைப் பக்கம் அப்பா கட்டிய வீடு, 12 பேர்ச் காணி. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரப்பி அதன்மேல் கட்டியது. கருங்கல் அத்திவாரம், புளொக் கல் சுவர், டைல் தரை. 2025 நவம்பர் டித்வா மழைக்குப் பிறகு பள்ளத்துப் பக்கம் இருக்கிற குசினித் தரை ஓர் அங்குலம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு வெடிப்பு, மேலே ஐந்து ரூபாய்க் காசு நுழையும், கீழே போகப் போக மெலிகிறது. பின் கதவு இப்போது சாத்துப்படுவதில்லை.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஊர் மேசன் பாஸ் ஒருவர் தரையை உடைத்து, மண்ணை இடித்து, கம்பி வலை போட்டுப் புதுக் கொங்கிரீட் போட்டால் போதும் என்கிறார். வெளியூரில் இருந்து வந்த கொந்தராத்துக்காரர் துளை போட்டு ஃபோம் அடித்துத் தரையைத் தூக்கி விடலாம், இரண்டே நாள் வேலை, பாதிக் காசு முதலில் வேண்டும் என்கிறார். மூன்றாவது ஆள் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டிக் கொங்கிரீட் போட்டு, பள்ளத்துப் பக்கம் தாங்கு சுவரும் கட்ட வேண்டும் என்று முதல் ஆளைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார். நான் கொழும்பில் வேலை, வீட்டில் அம்மா அப்பா மட்டும்தான். மே மழை தொடங்குவதற்குள் முடித்துவிடு என்று அம்மா தினமும் சொல்கிறார். யாரை நம்புவது, என்ன கேட்பது, எப்படி எழுதி வாங்குவது?

சிவில் வேலைக்காரன்:

தங்கச்சி, மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அதனால் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். முதலில் எது இறங்கியது என்று தெரிய வேண்டும். தரை மட்டும் இறங்கியிருந்தால் பாஸ் சொன்னது சரி. ஆனால் ஜன்னல் மூலையில் குறுக்கு வெடிப்பு, அதுவும் மேலே அகன்று கீழே மெலிந்து இருக்கிறது, கதவும் இறுகிவிட்டது என்றால், சுவரும் அதற்குக் கீழே இருக்கிற அத்திவாரமும் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கிற மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பூச்சு வேலையோடு போய்விடும். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் பூசி மறைக்கிற விஷயம் இல்லை, காரணத்தைத் தேட வேண்டும்.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு திகதி எழுதச் சொல்லுங்கள். வெடிப்புக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சிமெந்து வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது.

அப்புறம் குசினிச் சுவருக்கு வெளியே அத்திவாரத்தை ஒட்டி ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அதிகம் செலவில்லாத வேலை. அத்திவாரத்தின் அடிக்கல் இறுகிய பழைய மண்ணில் நிற்கிறதா, கொட்டிய மண்ணிலேயே நிற்கிறதா என்று கண்ணால் தெரியும். கொட்டிய மண் கலர் கலராக இருக்கும், தேயிலை வேர், பொலித்தீன் எல்லாம் வரும், அலவாங்கு சும்மா இறங்கும். இந்தக் குழியை வெட்டாமல் விலை சொன்ன எவருக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும் ஆளை எடைபோட.

ஃபோம் அடிக்கிறது ஏமாற்று வேலை இல்லை. இறங்கிய கொங்கிரீட் தளத்தில் சின்னத் துளைகள் போட்டு அடிப்பார்கள், உள்ளே விரிந்து தூக்கும், சீக்கிரம் இறுகிவிடும். சிமெந்துக் குழம்பு அடிக்கிற பழைய முறைக்குத் துளையும் பெரிது, பாரமும் அதிகம், இளகிய மண்ணில் அந்தப் பாரமே மறுபடியும் இறக்கிவிடலாம். மட்டமான நிலத்தில் வாகனம் நிறுத்துகிற தளம், கடைத் தரை போன்றவற்றுக்கு இரண்டுமே நல்லது. உங்கள் வீட்டில் தரைக்குக் கீழே பல அடிக்கு நிரப்பு மண், பக்கத்தில் பள்ளம். தரையைத் தூக்கினாலும் சுவர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஹப்புத்தளை அண்ணன்:

மேலே தம்பி சொன்னதற்கு முன்னால் ஒன்று. வீடு இறங்குகிறதா, மலையே நகர்கிறதா? மலை நகர்ந்தால் எந்தக் கொந்தராத்துக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் நடந்த மண்சரிவை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை.

வீட்டுக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தேயிலைக்குள் பிறை மாதிரி நிலம் வெடித்திருக்கிறதா, டர்பன்டைன் மரமோ விளக்குக் கம்பமோ புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியதா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கியதா அல்லது நின்றுபோனதா என்று. இதில் ஒன்று இருந்தாலும் பாஸைத் தேடாமல் கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதேச செயலகம் மூலமாக என்.பி.ஆர்.ஓ ஆட்களை வரவழையுங்கள், அதாவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மாவட்ட அலுவலகம் நுவரெலியாவில் இருக்கிறது. அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும் தாங்கு சுவர் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்பது நல்லது, சரிவில் மண் வெட்டுகிற வேலை அது.

அதுவரை மழை நேரத்தில் கவனம். மண்சரிவு எச்சரிக்கை, 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மா அப்பாவை எந்த உறவுக்காரர் வீட்டில் தங்க வைப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

பதுளை பாஸ்:

நான் மேசன் வேலை செய்கிறவன். மகளே, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? குசினித் தண்ணீர் எங்கே போகிறது? மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது? நம் மலை மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீர் குடித்தால் பிடிப்பெல்லாம் போய்விடும். பாதி வீடுகளில் இறக்கத்துக்குக் காரணம் அத்திவாரம் இல்லை, தண்ணீர்.

அத்திவாரத்துக்குக் கீழே தோண்டுகிற வேலை என்றால் ஒரே இழுவையாகத் தோண்டவே கூடாது. மூன்று, நாலு அடி நீளத்துக்குக் குழி, அடுத்ததைத் தொடாமல் ஒன்று விட்டு ஒன்று. கருங்கல் அத்திவாரத்தில் அடிக்கல் கழன்று விழும், அதனால் மூன்று அடியைத் தாண்ட நான் விடமாட்டேன். கெட்டி மண் கிடைக்கும்வரை இறங்கிக் கொங்கிரீட் போட்டு, மேலே இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, கொங்கிரீட் இறுகின பிறகு அந்த இடைவெளியில் ஈரம் குறைந்த சிமெந்துக் கலவையை அடித்து இறுக்க வேண்டும். அதை அடிக்காமல் விட்டால் போட்ட கொங்கிரீட் ஒரு பாரத்தையும் தாங்காது, வீடு அந்த இடைவெளிக்குள் இறங்கும். நிறையப் பேர் விடுகிற இடம் அதுதான், மண் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தாங்கு சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்க வேண்டும், சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். வெறும் மண்ணைக் கொட்டினால் ஓட்டை அடைத்து, தண்ணீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும்.

கொட்டகலை மகள்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். கூரைப் பீலிக் குழாய் அந்தக் குசினி மூலையிலேயே நிலத்தில் விழுகிறதாம், மலசலகூடக் குழியும் அங்கிருந்து எட்டு அடிதான். வீட்டுக்கு மேலே இருந்த கான் டித்வா மழையில் மண் விழுந்து அடைத்தது, இன்னும் தோண்டவில்லை. மேலே நிலத்தில் வெடிப்பு ஒன்றும் இல்லை, மரங்கள் நேராக இருக்கின்றன என்றார், பக்கத்து வீட்டு அண்ணனும் போய்ப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். மூன்று பேரில் தண்ணீரைப் பற்றிக் கேட்டது மூன்றாவது ஆள் மட்டும்தான். அவரும் குழி வெட்டிப் பார்க்கவில்லை.

நாவலப்பிட்டி ராணி:

அப்படியானால் மூன்றாவது ஆளிடமே குழி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள் அக்கா. மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பாதிக் காசை முன்பணமாக வாங்கி, மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார், தோண்டிய பக்கம் மழை இறங்கி இன்னொரு சுவரும் வெடித்தது. அதனால் சொல்கிறேன், காசை வேலையோடு சேர்த்துப் பிரித்துக் கொடுங்கள். சிமெந்து, கம்பி, சல்லிக்கல்லை நீங்களே கடையில் வாங்கி இறக்குங்கள், அவருக்குக் கூலி மட்டும். கடைசிப் பங்கை ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள், நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எழுதும்போது அத்திவாரம் பலப்படுத்தல் என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். எத்தனை குழி, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எந்தக் கலவை, கொங்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன் அளவு நாடா வைத்துப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் அந்தக் குழிக்குக் காசு என்றும் சேருங்கள், நீங்கள் கொழும்பில் இருப்பதால் இதுதான் உங்களுக்குக் கண். நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில், அதாவது சீடாவில், பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் பாஸ்மாருக்கு அது இருக்காது, அவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் கட்டிய தாங்கு சுவரை நேரில் போய்ப் பாருங்கள்.

சிவில் வேலைக்காரன்:

ராணி சொன்னதோடு, வரிசையும் முக்கியம். இந்த வாரமே கானைத் தோண்டி, கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டுக் காணிக்கு வெளியே கானில் விடுங்கள். பள்ளத்துச் சரிவில் அப்படியே கொட்ட விடாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் பிரச்சினை போகும். மலசலகூடக் குழியை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிறகு கண்ணாடித் துண்டைக் கவனியுங்கள். தண்ணீரை நிறுத்தியதும் அசைவு நின்றால் அத்திவார வேலை குறையலாம், குழியில் கெட்டி மண் அதிக ஆழமில்லாமல் தெரிந்தால் தாங்கு சுவரே தேவைப்படாமலும் போகலாம். குசினித் தரையை ஆகக் கடைசியில் உடையுங்கள். குழி வெட்டியதும் போட்டோ போடுங்கள், அடி மண்ணும் அடிக்கல்லும் தெரிகிற மாதிரி.