எபிரோனும் எபிரெயரும் ஒரே வேரா? எபிரெய ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் காண்பது எப்படி?

தெருவிளக்கு:
வேதாகம ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் தொகுப்பதில் மூன்று இடத்தில் முட்டுகிறது. பெத்லகேம், பெத்தேல், பெயெர்செபா மூன்றிலும் முன்னே நிற்கும் 'பெ' ஒன்றுதானா? எபிரோன் என்ற ஊருக்கும் எபிரெயர் என்ற பெயருக்கும் உறவு உண்டா? எருசலேம் என்றால் 'சமாதான நகரம்' என்பது சரியா?

வேர்தேடி:
தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் அடியிலேயே சறுக்கும். எபிரெயத்தின் ஆலெப், ஹேத், ஆயின் ஆகிய தொண்டை ஒலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லை. எபிரோனின் வேர் ஹேத்-பேத்-ரேஷ் என்ற மூன்று எழுத்து. 'சேர், கூட்டாகு' என்று பொருள். எபிரெயர் என்பதன் வேர் ஆயின்-பேத்-ரேஷ், 'கடந்து போ'. இரண்டின் முதல் எழுத்தும் தமிழில் 'எ' ஆகிவிட்டதால்தான் அண்ணன் தம்பி போலத் தெரிகின்றன. உறவு கிடையாது.

'பெ'யும் அப்படியே. பெத் என்றால் வீடு. பெத்தேல் ஏலின் வீடு, அதாவது கடவுளின் வீடு. பெத்லகேம் அப்பத்தின் வீடு. அதே வேர் அரபியில் 'லஹ்ம்' ஆகி இறைச்சியைக் குறிக்கிறது. பெயெர்செபாவில் இருப்பதோ 'பெஏர்', கிணறு. என்கேதியின் 'என்' ஊற்று (ஆட்டுக்குட்டி ஊற்று). வறண்ட நாட்டில் தண்ணீர் இருந்த இடம்தான் ஊரானது, அதனால் இந்த இரண்டு சொல்லும் திரும்பத் திரும்ப வரும். கிபியா குன்று, ராமா மேடு, மிஸ்பா காவல் பார்க்கும் இடம், கீரியாத் ஊர்.

இன்னொரு பொறி: பெலிஸ்தரின் ஊரான 'காத்'தும் 'கெத்செமனே'யின் 'கெத்'தும் ஒரே சொல், ஆலை. பின்னது எண்ணெய் ஆலை. அது கிரேக்கம் வழியாக வந்ததால் உருவம் மாறிவிட்டது. ஆகவே வேதாகம மூலச் சொற்களுக்கு எண் கொடுத்துப் பொருள் தரும் ஸ்ட்ராங் அகராதியின் எண்ணை வைத்து எபிரெய மெய்யெழுத்துகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு முன்னொட்டைப் பிரியுங்கள். ஸ்ட்ராங் தரும் பொருளை அப்படியே நம்ப வேண்டாம். அது 1890இல் வந்த அகராதி.

களிமண்பலகை:
எருசலேமுக்கு வருகிறேன். எகிப்தில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளான அமர்னா கடிதங்களில் அந்த ஊர் 'உருசலிம்'. அதற்கும் முந்தைய, எதிரிகளின் பெயர்களை எழுதிச் சபித்த எகிப்தியச் சாபப் பட்டியல்களிலும் பெயர் இருக்கிறது. தாவீதுக்குப் பல நூற்றாண்டு முன்பே வழங்கிய கானானியப் பெயர் இது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்: 'யரு' அடித்தளமிடு, 'சாலேம்' அந்தி வேளைத் தெய்வம். சாலேமின் அடித்தளம் என்று கொள்ளலாம். 'ஷாலோம்' அதே வேர்தான் என்றாலும், 'நகரம்' என்ற பொருளுக்குப் பெயருக்குள் இடமே இல்லை. எபிரெயத்தில் நகரம் 'ஈர்'.

ஒரு பெயரின் வரலாறு வேறு, வேதாகமம் அதற்குச் சொல்லும் கதை வேறு. பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். பெயெர்செபாவையே பாருங்கள்: 'ஷேபா' ஏழும் ஆகும், ஆணையிடும் சொல்லும் அதே வேர். ஆதியாகமம் 21இல் ஏழு பெண்ணாட்டுக்குட்டியும் வருகிறது, ஆணையும் வருகிறது. 26இல் ஈசாக்கு மறுபடி பெயர் வைக்கிறான். பாபேல் இன்னும் தெளிவு. பாபிலோனில் வழங்கிய அக்காதிய மொழியில் 'பாப்-இலி', கடவுளின் வாசல். ஆதியாகமம் 11 அதை 'பாலல்', தாறுமாறாக்கு என்பதோடு இணைக்கிறது. அதைப் பிழை என்று தள்ளாதீர்கள், சிலேடை என்று எழுதுங்கள்.

மண்மேடு:
பொருள் சரி, ஊர் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்தால்தான் பட்டியல் பயன்படும். 1838இல் எட்வர்ட் ராபின்சனும் ஈலாய் ஸ்மித்தும் அரபு ஊர்ப்பெயர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பல இடங்களை அடையாளம் கண்டார்கள். ஆனதோத்து இன்று அனாத்தா, பெத்தேல் பெய்த்தீன் (கடைசி 'ல்' 'ன்' ஆனது), கிபியோன் எல்-ஜிப். 1956இல் எல்-ஜிப்பில் அகழாய்வு தொடங்கிய பிறகு 'கிபியோன்' என்று எழுதிய ஜாடிக் கைப்பிடிகளே கிடைத்தன. இப்படிச் சான்று எல்லா ஊருக்கும் அமையாது.

ஒலி ஒப்புமை மட்டும் போதாது என்பதற்கு லாகீஸ் பாடம். 'உம் லாகிஸ்' என்ற இடம் பெயரளவில் பொருந்தியது, பழைய ஊரின் தடயம் இல்லை. பக்கத்திலிருந்த தெல் எல்-ஹெசியை ('தெல்' என்றால் பழைய ஊர் புதைந்த மண்மேடு) 1890இல் தோண்டிய தொல்லியலாளர் பீட்ரி அதுவே லாகீஸ் என்று நினைத்தார். உண்மையான இடம் தெல் எத்-துவேர் என்று 1929இல் ஆல்பிரைட் முன்வைத்தார்; இன்று ஏற்கப்படுவது அதுதான். எனவே அந்தக் காலத்து மட்பாண்டம் இருக்கிறதா என்றும், வேதாகம ஊர்களைப் பட்டியலிட்ட பழங்காலத் திருச்சபை எழுத்தாளர் யூசேபியஸ் சொல்லும் மைல்கணக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். பெத்தேலை அவர் எருசலேமிலிருந்து 12ஆம் மைலில் வைக்கிறார். ரோம மைல் சுமார் 1.48 கி.மீ., ஆக 18 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெய்த்தீனுக்குப் பொருந்துகிறது.

தெருவிளக்கு:
மூவருக்கும் நன்றி. காசா எபிரெயத்தில் 'அஸ்ஸா' என்கிறார்களே, 'க' எங்கிருந்து வந்தது?

வேர்தேடி:
ஆயின் என்ற ஒரே எழுத்து முன்பு இரண்டு ஒலிக்கு நின்றது. ஒன்று அரபியின் 'ஐன்', மற்றது 'கைன்'. வேதாகமத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் காதில் இரண்டாவது ஒலி இன்னும் விழுந்ததால் 'கா' என்று எழுதினார்கள். அரபியில் இன்றும் 'கஸ்ஸா'தான். கொமோராவின் 'கொ'வும் இதே வழி. எபிரெயத்தில் அது 'அமோரா'.

களிமண்பலகை:
எரிகோவை 'எரி + கோ' என்று பிரித்துத் தமிழாக்கும் பதிவு ஒன்று சுற்றுகிறது, அதைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். எபிரெய வடிவம் 'யெரிஹோ'. 'யாரேயாஹ்', நிலவு என்பதோடு இணைப்பதுதான் பெரும்பாலோர் கருத்து. பழைய மேடு தெல் எஸ்-சுல்தான், இன்றைய அரீஹா நகர மையத்திலிருந்து சுமார் 2 கி.மீ. தள்ளி. வரைபடத்தில் நகரத்தின் மேல் புள்ளி வைத்தால் தப்பாகிவிடும்.