இமை அறுவைக்குப் பிறகு கண் முழுதாக மூடவில்லை: யோசனை தேவை

மேல் இமையில் தொங்கிய தோலை அழகுக்காக எடுத்து ஆறு வாரம் ஆன 52 வயதுப் பெண்மணிக்காகக் கேட்கிறோம். இடது கண்ணை மூடினாலும் 2 மி.மீ. இடைவெளி நிற்கிறது. காலையில் எரிச்சல், மங்கல். ஃப்ளோரசின் (கருவிழியில் கெட்ட இடத்தைக் காட்டும் சாயம்) விட்டுப் பார்த்தால் கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும் பட்டையாகப் பச்சைப் புள்ளிகள். மூடச் சொன்னால் கருவிழி மேலே ஏறி இமைக்கடியில் மறைவதும் குறைவு, கவலை அதில்தான். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே 20 மி.மீ. தோலாவது விட்டிருக்க வேண்டும், இங்கே 16தான்.

இப்போது பிரிசர்வேட்டிவ் இல்லாத 0.5% கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் (செயற்கைக் கண்ணீர்) சொட்டு 2 மணிக்கு ஒருமுறை, படுக்கும்போது களிம்பு போட்டு, இமை மூடியிருக்க மேலே டேப். (சாதாரண பாட்டில் சொட்டை இத்தனை தடவை விட்டால் அதிலிருக்கும் பென்சால்கோனியம் என்ற பிரிசர்வேட்டிவே கருவிழியைக் கெடுக்கும்.) தொல்லை டேப்பில்: களிம்பு வழிந்து பசை விட்டுப்போகிறது, நடுராத்திரி இமை திறந்து டேப்பின் ஓரம் கருவிழியில் உராய்கிறது.

களிம்பு போட்டபின் டேப் நிற்க என்ன செய்கிறீர்கள்? அல்லது ஈரம் காக்கும் மூடுகண்ணாடியே மேலா? தழும்பு இளக 6 மாதம் பொறுப்பது வழக்கம். புள்ளிகள் குறையாவிட்டால் காதுக்குப் பின்னால் தோல் எடுத்து ஒட்டுவதை எத்தனையாவது வாரத்தில் முடிவு செய்வீர்கள்? இமையைக் கீழ்நோக்கி நீவிவிடுவதில் பலன் கண்டவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றும் சொல்லுங்கள்.